சிப்பித்திடலின் எழுபத்துநான்கு பக்கங்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடலின் மேல் சத்தியம், கரையின் மேல் சத்தியம், நோன்பு பிடித்த வாயால் சத்தியம்.

வியாழக்கிழமை, காலை 8.20.

கண்டக்குழிக்கு அப்பால் மணல் திட்டாக நீண்டு கிடக்கும் சிப்பித்திடலில், கிராம அபிவிருத்திச் சங்கக் கந்தோரின் கதவை அல்பொன்சா திறந்தாள். நிலமெங்கும் கடதாசி. கதிரையின் மேல் கடதாசி, ஜன்னல் கம்பியில் கடதாசி. மேலே மின்விசிறி பேய் பிடித்ததுபோல் சுழன்றுகொண்டிருந்தது. அலுமாரி திறந்து கிடந்தது. சிவப்புக் கோப்பு காணாமல் போயிருந்தது.

ஊரின் மின்கம்பி வலையைப் புதுப்பிக்க அரசாங்க மானியம் கேட்கும் விண்ணப்பம் அந்தக் கோப்பில்தான் இருந்தது. எழுபத்துநான்கு பக்கம். அறுபத்தொரு வீட்டுக் கையெழுத்து. பிரதி எடுத்துக் கொடுத்தால் செல்லாது. ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம் அன்று பிற்பகல் மூன்று மணி, புத்தளத்தில்.

சங்கச் செயலாளரான அல்பொன்சா கரையில் ஐஸ் அறை வைத்துப் பிழைப்பவள். பின்னேரமானால் அங்கே மின்னழுத்தம் விழுந்துவிடும். ஏற்கனவே இரண்டு கொம்பிரசர் எரிந்துபோயின. மூன்றாவதும் எரிந்தால் அறையை மூடிவிட்டு, சிலாபத்தில் மகள் வீட்டுக் குசினி மூலையில் போய் ஒடுங்க வேண்டியதுதான்.

பொலிசுக்குச் சொன்னார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகப் பதில் வந்தது. ஆனால் 8.45க்கு, மாதத்தில் ஒருநாள் வழக்கம்போல், மின்மானி வாசிக்கும் ஹாசிம் வந்து சேர்ந்தார்.

ஹாசிமுக்கு ஐம்பத்தேழு வயது. மனைவி மவுத்தாகி ஒன்பது வருடம். மகன்மார் இருவரும் கட்டாரில். மனிதர்களோடு அவருக்கிருந்த கதைபேச்சு வீட்டுக்கு மூன்று நிமிடம், மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் மின்மானியைப் பார்த்தே புருஷன் பெண்சாதி எந்தக் கிழமை சண்டை பிடித்தார்கள் என்று சொல்லிவிடுவார். இரண்டு அறையில் இரண்டு விளக்கு எரிந்திருக்கும்.

“என்னத்தையாவது தொட்டீங்களா?”

“ஒண்டும் தொடேல்ல நானா.”

“ஃபேன்?”

“அதையும்தான்.”

ஹாசிம் சுவரைப் பார்த்தார். விசிறியின் வேகத் திருகு ஐந்தில் நின்றது.

“நீங்க எத்தனையில விடுவீங்க?”

“ரெண்டில. டிரான்ஸ்ஃபோமர் கந்தோர் முத்தத்திலதானே நிக்குது, கரண்ட் முழுசா வரும். அஞ்சில விட்டா கூரையே கழண்டு போகும்.”

“கதவுத் திறப்பு எங்க வைப்பீங்க?”

“நிலைக்கு மேல.”

“ஆருக்குத் தெரியும்?”

“ஊருக்கே தெரியும். கள்ளனுக்குத் தெரியக்கூடாதெண்டுதான் ஒளிச்சு வெச்ச.”

“கடைசியா எப்ப பூட்டின?”

“நேத்து ஒண்டரைக்கு, ஃபேன நிப்பாட்டிட்டு. ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் இல்லையெண்டு ஆட்டோவில ஸ்பீக்கர் கட்டிச் சொல்லிக்கொண்டு போனாங்க. மாதா கோயிலடியில திரும்பிட்டாங்க. அங்கால மணல், ஆட்டோ புதையும்.”

காலை 9.10.

ஊர் முழுக்க ஒரே பெயரைத்தான் சொன்னது: ஸப்வான். விடுதிகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவன். கரண்ட் ஒழுங்காக வந்தால் அவனுடைய கடைக்குப் பூட்டுத்தான்.

“கோப்பு தொலைஞ்சா உனக்கு நல்லந்தானே?”

“நல்லந்தான் நானா. உங்களுக்கும் நல்லந்தான். புது மீட்டர் தானே கணக்கை அனுப்புமாம். நீங்க வீட்டில இருந்து ஈ ஓட்டலாம்.”

அது உண்மைதான். ஹாசிம் அடுத்த கேள்விக்குப் போனார்.

“நேத்து ரெண்டுக்குப் பிறகு எங்க?”

“எல்லாரும் கரையில. கரண்ட் இல்லாத வீட்டுக்குள்ள ஆர் இருந்து அவிவான்? அஞ்சுக்குப் பிறகு கந்தோர் விறாந்தையில கரம் பலகை போட்டு விளையாடினோம், ஒன்பது மணி வரைக்கும்.”

“ஆரும் உள்ளுக்குப் போனாங்களா?”

“இல்ல. கரண்ட் வந்த உடனே உள்ளுக்குள்ள ஃபேன் சத்தம் கேட்டுது. அல்பொன்சா அக்கா உள்ளுக்கு எண்டு நினைச்சோம்.”

ஹாசிம் கந்தோருக்குத் திரும்பி, திருகை இரண்டுக்குக் கொண்டுவந்தார். கடதாசி அடங்கியது. மறுபடி ஐந்தில் விட்டார். கடதாசி பறந்தது. பிறகு விசிறியை நிறுத்திவிட்டு, மணலில் வடக்கே நடக்கத் தொடங்கினார்.

காலை 10.30.

மாதா கோயிலுக்கு அங்கால் மின்னிணைப்பு ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரர் வராமல் மூடிப்போன விடுதியொன்று, அதற்குக் காவலாளி மனுவேல். எழுபது வயது. கம்பி அங்கே போய்ச் சேரும்போது மின்சாரம் களைத்துப் போயிருக்கும். விளக்கு எரிகிறதா என்று பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்க வேண்டும். விசிறிக்குக் கீழே சிலந்தி வலை கட்டிக் குடும்பம் நடத்தியது.

மேசையில் இரண்டு கோப்பை, மூடி வைத்த தேத்தண்ணி, ஒரு தட்டில் பிஸ்கட்.

“வா தம்பி. இண்டைக்குப் பிந்திட்டாய்.”

“அண்ணே, நேத்து ரெண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில இங்க கரண்ட் இருந்ததா?”

மனுவேல் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். “இருந்திருக்கும்.”

“ஃபேன் எத்தனையில?”

“எப்பவும் அஞ்சிலதான். அஞ்சில விட்டாலும் பல நாள் சுத்தாது.”

ஹாசிம் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

“கந்தோருக்குள்ள போன ஆள் ஃபேன அஞ்சில விட்டிருக்கார். அது சுத்தேல்ல. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்தபிறகுதான் சுத்தி, மேசையில கிடந்ததையெல்லாம் பறக்கவிட்டிருக்கு. அதால அவர் ரெண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில வந்திட்டுப் போன ஆள். அந்த நேரம் ஊரில ஒருத்தரும் சுவிட்சில கை வைக்கமாட்டாங்க, கரண்ட் இல்லையெண்டு தெரியும். வந்தவருக்கு அது தெரியாது. ஆட்டோ அவரிட்ட வரேல்ல. போட்டும் ஃபேன் சுத்தாதது அவருக்குப் புதுசும் இல்ல. அப்படியொரு ஆள் இந்த லைனில ஒருத்தர்தான் அண்ணே.”

 மனுவேல் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார். உடைத்ததைத் தின்னவில்லை.

“வேர்த்தது தம்பி. எழுபத்துநாலு பக்கமல்லவா.”

“ஏன் எடுத்தீங்க?”

“கையெழுத்தை வாசிக்காமப் போட்டுட்டன். பிறகு ஆரோ சொன்னாங்க, அதுதான் போய் வாசிச்சுப் பாத்தன். நாப்பதாம் பக்கத்தில கிடக்கு. இனி மீட்டர் வாசிக்க ஆள் வரத் தேவையில்லையாம்.” அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். “போன மாசம் நீ வந்து கதைச்சாய். அதுக்குப் பிறகு கோயிலடியில ஆரோடையோ ரெண்டு சொல். பிறகு இண்டைக்குத்தான்.”

ஹாசிமும் போன மாதம் இந்த வீட்டில்தான் கடைசியாகச் சிரித்திருந்தார்.  கையை நீட்டினார். மனுவேல் தலையணைக்குக் கீழிருந்து சிவப்புக் கோப்பை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கமும் குறையவில்லை. நாற்பதாம் பக்கம் மட்டும் மடித்து விரித்து மடித்துத் துணிபோல் மிருதுவாகியிருந்தது.

பகல் 12.05.

அல்பொன்சா கந்தோர் வாசலில் நின்றாள்.

“ஆர் நானா எடுத்த?”

“மனுவேல் அண்ணன்.”

“அவரா? அவருக்கு என்ன வந்தது?”

“கரண்ட் இல்லையெண்டு அவருக்கு ஆரும் சொல்லேல்ல.”

 அவள் வடக்கே பார்த்தாள், பிறகு கோப்பைப் பைக்குள் வைத்தாள்.

ஹாசிம் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பாலாவிச் சந்தியில் லொறி வரிசை. புத்தளம் கந்தோருக்குள் நுழையும்போது 2.48.

எழுதுவினைஞர் பக்கங்களை எண்ணினார். நாற்பதில் நின்று விரலை நக்கினார்.

“இது ஏன் இப்படி?”

“கவனமா வாசிச்சது, சேர்,” என்றார் ஹாசிம்.

“கையளிப்பவர் ஒப்பம் போடணும்.”

அல்பொன்சா பேனையை ஹாசிமிடம் நீட்டினாள். ஹாசிம் பேனையை வாங்கி, தன் பெயரை முழுதாக, ஓர் எழுத்தும் சுருக்காமல் எழுதினார். இருபத்திரண்டு வருட வேலைக்கு அவர் போட்ட கடைசிக் கணக்கு அது. முத்திரை விழுந்தது. 2.56.

சிப்பித்திடலுக்கு இன்றுவரை மின்சாரமே வந்ததில்லை, கம்பியும் இல்லை, மின்மானியும் இல்லை. தொடக்கத்தில் செய்த சத்தியம் மட்டும் அப்படியே இருக்கிறது.