வரட்டும், வரட்டும்

"என் வண்டிக் கதவுல உங்களுக்கு என்னங்க வேலை?"

"உங்க வண்டியா? நான்… ஆயில் ஒழுகற மாதிரி இருந்துச்சு. பாக்கலாம்னு வந்தனுங்க."

"ஆயிலு அடியிலதான ஒழுகும்? கதவுப் பிடியிலயா ஒழுகும்?"

"சத்தம் போடாதீங்க. நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும்! எப்படா இவ வண்டி விழும், பாகத்தைக் கழட்டலாம்னு கழுகாட்டம் சுத்தறீங்க. இந்த ஊருக்கே தெரியும்."

ஊர் என்று மிருதுளா சர்வேஸ்வரனிடம் சொன்னது என்னைத்தான். வடவள்ளியில் எங்கள் குடியிருப்பில் நூற்றிருபது வீடுகள் இருந்தாலும், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி சமையலறை ஜன்னல் அமைந்திருப்பது என் வீட்டுக்கு மட்டும்தான். கட்டியவர் நன்றாக இருக்க வேண்டும். மற்றவர்கள் காலையில் செய்திகளைப் பார்ப்பார்கள். நான் காய் நறுக்குவேன்.

அந்த நேரத்தில் வாசலில் தானோடிகள் வரிசையாக வந்து நிற்கும். கதவு திறக்கும், ஏறுவார்கள், கதவு மூடும், போய்விடும். உள்ளே ஸ்டீரிங் கிடையாது, பிரேக் கிடையாது, ஓட்டுகிறவர் என்று ஒருவரும் கிடையாது. யாருடைய வண்டியும் இல்லை என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சொந்தமாக, கையால் ஓட்டுகிற கையோடி எங்கள் குடியிருப்பிலேயே இரண்டுதான். இரண்டும் ஜப்பான்காரன் செய்த மிஸோரா. ஒரே மாடல், ஒரே வருடம். சர்வேஸ்வரனுடையது கறுப்பு, மிருதுளாவுடையது கருநீலம். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் நிறம் பிரியும்.

சட்டம் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அன்றைக்கு யாரிடம் எந்தக் கையோடி இருந்ததோ, அது சாகும்வரை அவர் ஓட்டிக்கொள்ளலாம். விற்க முடியாது, வாங்க முடியாது, மாற்ற முடியாது. டயர், ஆயில் போன்ற தேய்கிற சாமான்கள் கிடைக்கும். எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் முதலிய உயிர்ப்பாகங்கள் கிடைக்கவே கிடைக்காது. மற்ற வண்டிகள் எல்லாம் பத்துப் பதினைந்து வருடத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மிஸோராக்கள் மட்டும் சாகாமல் அரசாங்கத்தின் கழுத்தை அறுத்துக்கொண்டு கிடந்தன.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கையோடிதான்; ஆனால் அதே குடும்பத்தில் யாராவது தன் வண்டியைத் தானாக ஒப்படைத்தால், அதன் உயிர்ப்பாகங்களை மற்ற வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். போதாதா? நம் ஜனம் கல்யாணத்தில் இறங்கிவிட்டது. பாகக் கல்யாணம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. தரகர்கள் ஜாதகம் கேட்பதை விட்டுவிட்டு சேஸிஸ் எண் கேட்டார்கள். பெண்ணின் படத்தோடு பானெட்டைத் திறந்துவைத்த படமும் அனுப்ப வேண்டும். பீளமேட்டில் ஒரு ஜோடி, கியர் பாக்ஸை மாட்டி முடித்த மறுவாரமே ஆளுக்கொரு திசையில் போனது.

சர்வேஸ்வரனும் அந்த எண்ணத்தில்தான் அலைகிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நாங்கள் என்றால் நானும் எதிர்வீட்டு வெண்ணிலாவும். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மனைவி காலமாகி எட்டு வருடம், மகள் ஒசாகாவில். நூல் ஏற்றுமதி செய்த காலத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு வண்டி மாற்றிய மனிதர். முதலில் யாரோ ஓட்டிய வெள்ளி நிற மிஸோரா, அப்புறம் புதிதாக ஒரு வெள்ளை, அப்புறம் இந்தக் கறுப்பு. பழைய வண்டியின் சாவியை நீட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம். சட்டம் வந்த பிறகு, இருக்கிற ஒன்றைக் கட்டிக்கொண்டு உயிரை விடுகிறார். தினமும் காலையில் வந்து உள்ளங்கையை வண்டியின் மேல் வைத்து, பானெட், கதவு, டிக்கி என்று ஒரு சுற்று தடவிக்கொண்டே வருவார். "கட்டினவளைக்கூட இப்படித் தடவியிருக்க மாட்டாரு" என்பாள் வெண்ணிலா. பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். ஸ்டார்ட் செய்ய மாட்டார்.

அதற்கு அவர் சொன்ன காரணம் சஸ்பென்ஷன். மிஸோராவை ஸ்டார்ட் செய்தால் உடம்பு ஒரு விரற்கடை மேலே எழும். பெரியவர் யாராவது வந்தால் நாம் எழுந்து நிற்போமே, அந்த மாதிரி. கறுப்பு வண்டி இரண்டு வருடமாக எழுவதில்லை, காற்றுப்பை போய்விட்டது என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிருதுளாவின் கருநீலம் எழுந்து நிற்கும். ஆனால் கியர் வழுக்கியது. அவள் புருஷன் சட்டம் வருவதற்கு முந்தைய வாரம் அவள் பேரில் அவசர அவசரமாக வாங்கிய வண்டி அது. பிறகு அவன் வேறொருத்தியோடு டொராண்டோவுக்குப் போனான். வண்டி மட்டும் தங்கியது. புருஷன் போனதற்கு அவள் அழுது நான் பார்த்ததில்லை. கியர் பாக்ஸ் முதல் தடவை வழுக்கிய அன்று லிஃப்ட் வாசலில் நின்று அழுதாள்.

காரணம் வால்பாறை. தானோடிகள் எல்லாம் சுரங்கப்பாதையில் மலையேறத் தொடங்கிய பிறகு, ஆழியாறுக்கு மேலே இருக்கிற நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கையோடிகளுக்கு விட்டுவிட்டார்கள். மாதம் இரண்டு தடவை அவள் போவாள். மேலே ஒரு டீ, கீழே இறக்கம், வீடு. வேறு கோயில் குளம் கிடையாது. இப்போது அடிவாரம்வரை போய், வண்டியை நிறுத்தி, முதல் வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற தை மாதப் பரிசோதனையில் கியர் தோற்றுவிட்டால் அதுவும் இல்லை. அறுபது வயதில், இனி ஆயுளுக்கும் ஸ்டீரிங் இல்லை.

பரிசோதனை வண்டிக்கு மட்டும் அல்ல, ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் உண்டு. கண் தோற்றால் வண்டியை அப்படியே நசுக்கிவிடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. தானாக ஒப்படைப்பவரை மட்டும் கண்ணைக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

கதவுச் சண்டை நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மிருதுளா தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சர்வேஸ்வரன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முருங்கைக்காயை நறுக்காமல் கையில் வைத்திருந்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டாத்தான தெரியும்."

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்னங்க?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "யாரு வண்டி நிக்கும்?" என்றாள்.

"உங்களுதுதானுங்க."

துடைத்த கை நின்றது. "உங்களுத ஒப்படைச்சிடுவீங்களா? யார்கிட்ட விடறீங்க கதை?"

"என்னுது எந்திரிக்கறதே இல்லீங்களே. கியர் பாக்ஸ் மட்டும் கல்லாட்டம் இருக்குது. எடுத்துக்குங்க."

"அப்புறம் நீங்க எந்தக் காலத்துலயும் ஓட்ட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"தெரிஞ்சேதான் சொல்றீங்களா?"

"முன் சீட்டுல உக்கார விட்டீங்கன்னாப் போதும்."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நானும் வெண்ணிலாவும் ஒருமனதாக முடிவு செய்தோம். மனிதர் கல்யாணம் முடிந்ததும் பேச்சை மாற்றிக் கருநீலத்தைக் கழட்டப் போகிறார். இதை மிருதுளாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "எனக்கும் அந்தச் சந்தேகம்தான் அக்கா. ஆனா வேற வழி?" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சர்வேஸ்வரன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மிருதுளா விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்ததாம். மாப்பிள்ளைக்கு இந்த வயதில் நடுக்கம் என்று நான் கேலி செய்தேன்.

ஒப்படைப்பு நாளன்று ஊர்தி ஆயுள் அலுவலகத்திலிருந்து தேஜஸ் என்ற பையன் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், வேலைக்குப் புதிது, கையோடி ஓட்டுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்திராதவன். முற்றத்தில் இரும்பு மேடையை இறக்கிவைத்தான். சொந்தக்காரர் தன் கையால் ஓட்டிவந்து மேடையில் நிறுத்த வேண்டும், அதுதான் கடைசி ஓட்டம். வேடிக்கை பார்க்க எல்லா மாடியிலும் தலைகள். நான் ஜன்னலை விட்டுக் கீழேயே போய்விட்டேன்.

சர்வேஸ்வரன் வண்டியைத் தடவிக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார்.

கறுப்பு மிஸோரா ஒரு விரற்கடை எழுந்து நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்றுப்பையாவது, போவதாவது! புத்தம்புது வண்டி மாதிரி எழுந்து நிற்கிறது. மிருதுளாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் வண்டி நகர்ந்தது. மேடையை நோக்கி அல்ல. தண்ணீர்த் தொட்டியை நோக்கி.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவளுக்கு நேரமே பிடிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். வண்டியின் பக்கவாட்டில் கையால் ஓங்கித் தட்டினாள்.

"ஹோல்ட், ஹோல்ட்! லெஃப்ட்ல ஒடிங்க… இன்னும் ஒடிங்க… ஆங். வரட்டும்… வரட்டும்…"

எத்தனை வருடம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! பஸ் நிலையத்தில், கல்யாண மண்டப வாசலில், சந்தில் லாரி பின்னால் வரும்போது, எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் வண்டியைத் தட்டி 'வரட்டும், வரட்டும்' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். தானோடிகளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மாடியில் இருந்த பழைய ஆட்கள் எல்லாம் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே சர்வேஸ்வரன் கண்ணைத் திருப்பவில்லை, காதைத் திருப்பினார். அவள் தட்டுகிற பக்கம் வண்டி வளைந்தது.

"அக்கா, எதுக்குங்க வண்டிய அடிக்கறாங்க?" என்றான் தேஜஸ்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதருக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தால் கறுப்பு நசுங்கும், தையில் கருநீலமும் தோற்றுப்போகும். அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி தட்டிக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

"அது சம்பிரதாயம் கண்ணு. கடைசி ஓட்டத்துக்கு இப்படிக் கூப்பிட்டுத்தான் வழியனுப்போணும். உங்க ஆபீஸ்ல சொல்லித் தரலியா?"

பையன் கையிலிருந்த படிவப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நானும் தட்டலாமுங்களா?"

"தாராளமா."

அவன் மறுபக்கம் போய்ப் பயந்து பயந்து தட்டினான். "வரட்டும்… வரட்டும்…" என்றான். கறுப்பு மிஸோரா மேடையில் ஏறி நின்றது. சர்வேஸ்வரன் எஞ்சினை நிறுத்தினார். வண்டி மெல்ல உட்கார்ந்தது.

அவர் இறங்கியதும் மிருதுளா தாழ்ந்த குரலில் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா. ஓரம் தெரியுது, நடுவுல ஒண்ணும் தெரியறதில்ல. நரம்பு போச்சு, மாத்தறதுக்குப் பாகம் இல்லன்னுட்டாரு டாக்டரு."

"அன்னிக்கு என் கதவ இழுத்தது?"

"நெறம் தெரியலீங்க. என்னுதுன்னு நெனச்சுட்டேன்."

"சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன ஆபீசுக்கு ஓடியா சொல்லப்போறேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க." அவர் என் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க ஒரு சன்னல் இருக்குதுங்களே."

நான் கொடியில் காய்ந்த துணியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "இன்னும் முப்பது வருசம் ஓடும். எனக்கு அப்புறம் அத நசுக்கிருவாங்க. உங்க வண்டிக்குள்ள போயிருச்சுன்னா ஓடிட்டேதான இருக்கும்?"

"அப்ப கல்யாணம் வண்டிக்குத்தானா?"

"மொதல்ல வண்டிக்குத்தானுங்க."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை மேடை தூக்கும் சத்தம் விழுங்கிவிட்டது. மிருதுளா மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது; நானும் எத்தனையோ வழியில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது கோயம்புத்தூர் வட்டாரத்தில் எங்கே கையோடி ஒப்படைத்தாலும் வீட்டு ஆட்கள் இரு பக்கமும் நின்று தட்டுகிறார்கள், 'வரட்டும்' சொல்கிறார்கள். சில இடங்களில் தேங்காய்கூட உடைக்கிறார்களாம். தேஜஸ் போத்தனூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு மாற்றலாகிப் போனான், அங்கேயும் கற்றுக்கொடுத்திருக்கிறான். வெண்ணிலா மகன் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டாள். எனக்குப் பேச்சுத்துணை இல்லை.

கறுப்பின் கியர் பாக்ஸைக் கருநீலத்தில் மாட்டினார்கள். தையில் வண்டி தேறியது. மாசியிலேயே மிருதுளாவும் சர்வேஸ்வரனும் வால்பாறைக்குக் குடிபோனார்கள். சாமான் அடுக்கிய நாளில், "பின் சீட்டு காலியாத்தான் இருக்குது, வாங்க அக்கா" என்றாள். போனேன்.

ஆழியாறு தாண்டி முதல் வளைவு வந்தது. அவர் முன் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. கண் தெரிந்த காலத்தில் அவரும் ஓட்டிய பாதைதான். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் வளைவுக்குச் சற்று முன்னால் அவருடைய வலது கால் கீழே விரித்திருந்த மிதியடியை அழுத்தியது. அவள் அந்தக் காலை ஓரக்கண்ணால் பார்த்துத் தன் பிரேக்கை அழுத்தினாள். அடுத்த வளைவிலும் அப்படியே. அவளுக்கு அந்த மலைப்பாதை தலைகீழ்ப் பாடம். அவர் காலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே போகும்வரை அவர் அழுத்திய பிறகுதான் அவள் அழுத்தினாள்.

டீ குடித்துவிட்டு நான் தானோடியில் திரும்பினேன். சுரங்கத்தில் ஒரு வளைவும் கிடையாது. காலை நீட்டிக்கொள்ள இடம் மட்டும் தாராளமாக இருந்தது.