பூஜ்ய முகவரி

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வந்த வரியில் அவள் மகளின் செல்லப்பெயர் இருந்தது.

முதலில் அவள் கவனிக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இதே வரிகள் திரையில் ஓடுவதைப் பார்க்கிறவளுக்கு எதுதான் கண்ணில் படும்? போனில் விளம்பரம் தடுக்கும் செயலி ஒன்றுக்குத் தடைப்பட்டியல் எழுதுவது அவள் பிழைப்பு. எந்தப் பக்கத்தைத் திறக்கும் முன்பும் போன், 'இந்தப் பெயர் எங்கே இருக்கிறது?' என்று முகவரி கேட்கும். அந்தக் கேள்விகள் அத்தனையையும் செயலி தன் வாசல் வழியாகவே போக வைக்கும்; அவள் திரையில் ஓடும் வரிகள் அவைதான். நல்ல பெயரென்றால் முகவரி கொடுத்து அனுப்பும். விளம்பரக்காரன் பெயரோ வேவு பார்க்கிறவன் பெயரோ பட்டியலில் இருந்தால் முகவரிக்குப் பதிலாக நான்கு பூஜ்யங்களைக் கையில் திணித்துவிடும். 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் போன் வேறு கதவைத் தட்டும். பூஜ்யத்தைக் கொடுத்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் நின்றுகொண்டு, யாரோ வருவார்கள் என்று காத்திருக்கும். இவ்வளவுதான் வித்தை, இதற்குத்தான் சம்பளம்.

பட்டியலில் சேர்க்கும் புது விதி எதுவானாலும் முதலில் எழுதினவர் வீட்டுப் போன்களில்தான் ஓட வேண்டும். மாலை ஆறு மணிக்கு அவர், வீட்டில் ஒன்றும் கெடவில்லை என்று சொன்ன பிறகே நாற்பது லட்சம் போன்களுக்குப் போகும். குழுத் தலைவர் போட்ட சட்டம் அது. அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான். வாயைத் திறந்தால் பழமொழி கொட்டுவதால் எல்லோரும் பெருசு என்று கூப்பிடுவார்கள்.

அவள் வீட்டில் இரண்டு போன்கள். ஒன்றாம் எண் அவளுடையது. இரண்டாம் எண், மூலை விரிசல் விட்ட பழைய போன். மகள் பொம்மைப் படம் பார்ப்பதற்கு. மகளுக்கு ஆறு வயது, மூன்று நாளாகக் காய்ச்சல், பள்ளிக்கு லீவு. சோபாவில் போர்வைக்குள் சுருண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முயல் ஒன்று கேரட் திருடுவதை நூறாவது தரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரை வழியாக மங்கலாக வெயில் விழுந்திருந்தது. மருந்து பாட்டிலின் ஆரஞ்சு வாசனை, ஃப்ரிட்ஜின் முனகல், மேலே விசிறி சுற்றுக்கு ஒரு தரம் விடும் 'டிக்'. வேலை பார்க்க இதைவிட அமைதியான மத்தியானம் கிடைக்காது.

மூன்று பத்துக்கு வந்த அந்த வரி ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனால் வாசித்தால் தமிழ். வாலு.சோபா. அதற்குப் பின்னால் கிறுக்கியது போலப் பதினெட்டு எழுத்துகள். அனுப்பியது இரண்டாம் எண் போன்.

வாலு என்பது வீட்டோடு சரி. எந்தப் படிவத்திலும் அந்தப் பெயர் கிடையாது.

"வாலு, போன்ல எதையாவது அமுக்கினியாடி?"

"ஒண்ணும் அமுக்கலம்மா. முயல்தான் பாக்குறேன்."

பதினோரு வினாடி கழித்து மறுபடியும் அதே வரி. மறுபடியும். வாலு தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். எவர்சில்வர் டம்ளர் மேடையில் 'ணங்' என்று உட்காரும் சத்தம் அவள் காதில் விழுந்த அதே கணம் திரையில் புது வரி வந்தது.

வாலு.கிச்சன்.

ஏதோ வேவு நிரல், மைக் வழியாக ஒட்டுக்கேட்கிறது, இதெல்லாம் நாம் பார்க்காததா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்ப் பழைய போனைப் பிடுங்கி, அணைத்து, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். வாலு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாசல் கதவில் சாய்ந்து நின்றாள்.

அணைத்த போனிலிருந்து வரி வந்தது. வாலு.கதவு.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யாருடா நீ? என் குழந்தை எங்கே நிற்கிறாள் என்று உனக்கென்ன கேள்வி? வரியின் பின்னாலிருந்த கிறுக்கல்தான் கேட்கிறவனின் அடையாளம்; அதைப் பட்டியலில் சேர்த்தாள். பதினோரு வினாடி. வேறு கிறுக்கலோடு வந்தது. அதையும் சேர்த்தாள். இன்னொன்று. ஒன்பது தரம் அடைத்தாள், ஒன்பது தரமும் வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தது. மாறாதது ஒன்றுதான், வரியின் தலையில் இருந்த பெயர்.

இந்தத் தொழிலில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. பெருசு வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்வார்: "கேக்குறவனை நிறுத்தும்மா. கேக்குற பேர்ல கை வைக்காதே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாயிடும்." அவளே புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தந்திருக்கிறாள்.

வாலு.அம்மா.பக்கத்துல, என்றது திரை. வாலு அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போதும். வாலு என்று தொடங்கும் எதுவும், பின்னால் என்ன வந்தாலும், பூஜ்யம். ஒரு நட்சத்திரக் குறி போட்டு முடித்தாள். நான்கு மணி ஐந்து நிமிடம்.

திரை அடங்கியது. அப்பாடா! நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாலுவை இழுத்து மடியில் வைத்து, கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். சூடு குறைந்திருந்தது. குறைந்திருந்ததா, அல்லது கைக்குத் தெரியவில்லையா என்று ஒரு கணம் குழம்பினாள்.

நாலரைக்கு எதிர்வீட்டு அக்கா குடையைத் திருப்பித் தர வந்தாள். வந்தவள் வழக்கம்போல் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா! புள்ள கால்!"

"எந்தப் புள்ள?" அக்கா குனிந்து பார்த்தாள். போர்வையைத் தள்ளிவிட்டு இன்னும் வசதியாகச் சாய்ந்தாள். "பகல்லயே கனவாடி உனக்கு? ஒத்தையில உக்காந்து அந்தப் பொட்டியவே பாத்தா இப்படித்தான் ஆகும்."

கிண்டல் என்று நினைத்து அவளும் சிரித்துவைத்தாள். அக்கா ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்பினாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது வாலு சோபாவின் கோடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீராக உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க என் மேல உக்காந்துட்டாங்கம்மா. நான் எவ்ளோ கத்தினேன். நீ திரும்பவே இல்ல."

அவளுக்கு எந்தக் கத்தலும் கேட்கவில்லை. விசிறியின் டிக் கேட்டது, அக்காவின் வளையல் கேட்டது. நாலடி தூரத்தில் பெற்ற பிள்ளை அலறியது மட்டும் கேட்கவில்லை.

போன் அடித்தது. வெளியூரில் வேலையாக இருந்த கணவன்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்குங்க. ஆனா இங்க என்னமோ..."

"ஒழுங்கா மாத்திரை போட்டுக்கோ. உனக்குச் சளி பிடிச்சா லேசுல விடாது."

"எனக்கில்லங்க. வாலுவுக்கு."

மறுமுனையில் ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்த சத்தம்கூட இல்லை.

"ஹலோ? விட்டுவிட்டுக் கேக்குது."

"நம்ம பொண்ணுக்குங்க! வாலு! வாலு!"

அதே வெறுமை. பிறகு அவன் குரல், பாசமாக, கொஞ்சம் களைப்பாக. "சரி, தூங்கு. ஒருத்திக்குத்தானேன்னு சமைக்காம கிடக்காத. வெச்சிடட்டா?"

அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! அந்த ஒன்பது கிறுக்கல்களும் என்னை இந்த இடத்துக்கு ஓட்டிவரத்தானா? குழந்தையைத் தேடியது யாரோ, எதுவோ. அதன் வாசலை அடைக்கப் போய், குழந்தைக்கு உலகம் முழுவதையும் அடைத்துவிட்டேனே!

மேஜைக்கு ஓடினாள். கடைசியாகச் சேர்த்த விதி பட்டியலின் உச்சியிலேயே இருந்தது. நீக்கு. ஒரு கட்டம் திறந்தது: நீக்க வேண்டிய பெயரைத் தட்டச்சு செய்யவும். போன வருடம் யாரோ தூக்கக் கலக்கத்தில் பாதிப் பட்டியலை அழித்த பிறகு பெருசு வைத்த பூட்டு. நகலெடுத்து ஒட்ட முடியாது. கையால்தான் அடிக்க வேண்டும்.

விரல்கள் விசைகள் மேல் நின்றன.

பெயர்.

என்ன பெயர்? தினமும் நூறு தரம் கூப்பிடுகிற பெயர். சாப்பிட வா என்று, வாயை மூடு என்று, கொஞ்சும்போது, திட்டும்போது. நாக்கு நுனியில்கூட இல்லை. இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

திரையில் பார்த்தாள். எழுத்துகள் இருந்தன. முதல் எழுத்தை அடித்தாள். நிமிர்ந்து இரண்டாவதைப் பார்த்தாள், குனிந்து அடித்தாள். மூன்றாவதற்கு நிமிர்ந்தபோது எந்த வரி என்று தெரியவில்லை. அழித்தாள். மறுபடி முதல் எழுத்து. பொருந்தவில்லை, என்றது கட்டம். மறுபடி. பொருந்தவில்லை.

பக்கத்தில் குழந்தை நின்றது.

"உன் பேர் என்னடி? சொல்லுடி கண்ணு, சொல்லு! அம்மாவுக்கு மறந்துபோச்சு!"

குழந்தையின் வாய் அகலமாகத் திறந்து மூடியது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. அவள் அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழுதாள். பிடித்துக்கொண்டே இருந்தால் போகாது. கையை எடுக்கக் கூடாது. கண்ணையும் எடுக்கக் கூடாது.

ஆனால் அடிப்பதற்குக் கை வேண்டும்.

ஒரு கையை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி.

மறுபடி முதல் எழுத்து.

பொருந்தவில்லை.

இடது உள்ளங்கை சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. ஏன் கையை இப்படி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறோம்? மடக்கிக்கொண்டாள்.

கன்னமெல்லாம் கண்ணீர். அதுவும் ஏன் என்று தெரியவில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் கண்ணில் நீர் வடியத்தான் செய்யும். நீக்கவா வேண்டாமா என்று ஒரு கட்டம் காத்துக்கொண்டிருந்தது. எதை நீக்க வந்தோம்? வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

ஆறு அடிக்க மூன்று நிமிடம் இருக்கையில் பெருசு கூப்பிட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு நட்சத்திரம் போட்டு ஒண்ணு எழுதியிருக்க போல. வீட்டுல ஏதாவது கெட்டுப்போச்சா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் மங்கிய அறை. சோபா. போர்வை. வாசலில் இரண்டு சின்னச் செருப்புகள். எதிர்வீட்டு அக்காவோடு வந்த யாராவது விட்டுப் போயிருக்கலாம். விசிறி டிக் என்றது.

"இல்லையே. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"அடிச்சுச் சொல்றியா? நாப்பது லட்சம் போனு."

"ஒண்ணும் பிரச்சனை இல்ல சார். சும்மா ஒரு குப்பைப் பேரு."

"அப்ப அனுப்பிடு."

அனுப்பினாள். திரையில் வரிகள் ஓடின. இரண்டாம் எண் என்று ஒரு போன், யாருடையதோ, வினாடிக்கு ஒரு வரி அனுப்பிக்கொண்டிருந்தது. தலையில் ஏதோ அர்த்தமில்லாத எழுத்துகள், பிறகு 'அம்மா'. அர்த்தமில்லாத எழுத்துகள், 'இங்க.இருக்கேன்'. அர்த்தமில்லாத எழுத்துகள், 'அம்மா.பாரு'. எப்படியெல்லாம் பேர் வைக்கிறார்கள், பாவிகள், என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சிவப்பில் தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. நாற்பத்தொன்று. விதி நன்றாகத்தான் வேலை செய்தது.

நாற்காலிக்குக் கீழே அவள் புடவை முந்தானை விண்ணென்று இழுபட்டது. விட்டது. மறுபடி இழுபட்டது, இந்தத் தரம் இரண்டு கையால் பிடித்து இழுப்பது போல. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே முந்தானையை உருவி, தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அடுத்த பெயரைப் பார்த்தாள்.