கடைவாய்க் கட்டை

தம்பியின் மேலுதடு அசைந்தது. முகத்தில் வேறெதுவும் அசையவில்லை.

அக்கா குனிந்து பார்த்தாள். லாரி மோதித் தலையில் அடிபட்டதிலிருந்து அவன் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறானே தவிர, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கிள்ளினால் முகம் சுளிப்பதில்லை. சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா பெருமையடித்த பிள்ளையின் வாய் இப்போது எந்நேரமும் சும்மா பிளந்து கிடந்தது. அதிலிருந்து இன்று ஒரு வாடை, ஈரத்துணியில் இறைச்சியைச் சுற்றி மறந்துவிட்டதுபோல. அவள் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் எட்டிப் பார்க்கிறவளுக்குத் தம்பியின் வாயைப் பார்க்க இந்த விடுமுறை நாள் வரவேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

"பாத்தியா, உதட்ட அசைக்கிறான்," என்றாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா. "நேத்துல இருந்தே இப்படித்தான். பேச வர்றான்டி. நான் சொன்னா யாரு நம்புறீங்க?"

அக்கா டார்ச் அடித்து உதட்டைத் தூக்கினாள். முன்பற்களுக்குப் பின்னால், மேலண்ணத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல். அதற்குள் தலையைக் குப்புறப் புதைத்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாக வால்நுனிகள் துடித்தன.

"ஈ முட்டை போட்டிருக்கும்மா. புழு வச்சிருக்கு. அசையறது இவன் இல்ல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தன்னை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

தெரிந்த வைத்தியம்தான். ஆனால் புழு மூக்குக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிவிட்டால் தம்பியைக் காப்பாற்ற முடியாது. இன்றே எடுத்தாக வேண்டும். கிளினிக்குக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்தாள். வாய் மூடிக்கொள்ளாதபடி கடைவாய்ப் பற்களுக்கிடையில் ரப்பர்க் கட்டையைச் செருகினாள். நினைவில்லாத தாடைக்கு அக்காள் தம்பி உறவெல்லாம் தெரியாது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சைப் பொத்தலில் அடைத்தாள். மூச்சு முட்டிப் புழுக்கள் தாமாக வெளியே வரும். இடுக்கியால் பிடித்து ஸ்பிரிட்டில் போட வேண்டியதுதான்.

முதலில் வந்தன. இழுத்தபோது சதையைக் கவ்வியபடியே பிய்ந்து, இரத்தத்தோடு வந்தன. பிறகு நின்றுவிட்டன. பஞ்சை எடுத்துப் பார்த்தாள். பொத்தல் காலி. மூச்சுக்காக வெளியே வரவேண்டியவை உள்ளே போயிருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே பெய்த மழையின் சத்தமில்லை, மின்விசிறியின் சத்தமுமில்லை. ஊறிப்போன சுவரை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல, தம்பியின் இரு கன்னங்களுக்குள்ளும் ஒரு நெருநெருப்பு, தோலடியில் ஊர்ந்து ஊர்ந்து காதுக்குக் கீழே போய், தாடை மூட்டு இரண்டிலும் சேர்ந்து, நின்றது. அங்கே தோல் புடைத்தது. தொட்டாள். புடைப்பு அவள் விரலைத் திருப்பித் தள்ளியது.

கீறித்தான் எடுக்க வேண்டும். கத்திக்காகப் பையின் பக்கம் திரும்பினாள்.

"ம்... ம்மா."

குழறலாக. தம்பியின் குரலில்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "இப்ப என்னடி சொல்ற, டாக்டரம்மா?"

அக்காவுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. வாய் நிறைய இரத்தம், ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தடவினாள். கட்டை தட்டுப்படவில்லை.

"அதான் நான் எடுத்துட்டேனே. அத வாயில வச்சா புள்ள எப்படிப் பேசு—"

தாடை மூடியது.

முதலில் எலும்பு முறியும் சத்தம். பிறகுதான் வலி. அலறினாள். மறுகையால் தாடையை நெம்பினாள். மூக்கைப் பொத்தினாள். முகத்தில் குத்தினாள். தன் தம்பியின் முகத்தில். மீண்டும் மீண்டும். அவன் கண் இமைக்கவில்லை. பற்கள் மட்டும் முன்னும் பின்னும் அறுத்தன.

"என் புள்ளைய அடிக்கிறியாடி, பாவி!" அம்மா அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். கருவித் தட்டோடு தரையில் விழுந்தாள் அக்கா. விரல் அவளோடு வரவில்லை.

மேலே மெல்லும் சத்தம்.

"மெல்லுறான் பாரேன்! பசிக்குதா கண்ணு?"

கட்டில் காலைப் பிடித்து எழுந்தாள். பார்த்தாள். தம்பியின் நாக்கு செத்துக் கிடந்தது. அதன்மேல் வெள்ளைத் திரளொன்று நெளிந்து, உதடுகளைக் கூட்டியது. பிரித்தது.

"ம்மா."

"அம்மா, கிட்டப் போகாத! அம்மா!"

"சும்மா இருடி. என்னமோ மெதுவாச் சொல்றான்."

அம்மா தலைமயிரை ஒதுக்கி, குனிந்து, அவன் வாய்மேல் காதை வைத்தாள். தாடை மெல்லத் திறந்தது. வெள்ளைத் திரள் உதட்டுக்கு ஏறி, புழு புழுவாகப் பிரிந்து, அவள் காதுக்குள் நுழைந்தது.

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லுப்பா," என்றாள். "கேக்குது."