கதவு திறக்கவேயில்லை!

“அந்தக் கேபிளைப் பிடுங்குங்க சார்!”

அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவள் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பள உயர்வைக்கூடக் கேட்கலாம், கிடைக்காது என்பது வேறு விஷயம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் கேபிளைக் கஸ்டமர் எதிரில் பிடுங்கச் சொல்லவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டீம் லீடர் சொல்லிவிட்டிருந்தான்.

கஸ்டமர் இப்போது எதிரில்தான் இருந்தார்.

குப்புறக் கிடந்தார்.

பெயிண்ட் தொழிற்சாலையின் சீஃப் கெமிஸ்ட். பின்மண்டையில் ஒரு பள்ளம். பக்கத்தில் பெயிண்ட் கலக்கும் இரும்புக் கம்பி. கவிழ்ந்த டப்பாவின் வெள்ளையும் அவருடைய சிவப்பும் ஒன்றாகக் கலந்து... அந்தத் தொழிற்சாலையின் எந்த ஷேட் கார்டிலும் இல்லாத ஒரு நிறம்!

“யாரும்மா நீ?” இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“கேமரா சாஃப்ட்வேர் எழுதினவ. நீங்க விலங்கு மாட்டி உட்கார வச்சிருக்கீங்களே வாட்ச்மேன்... அவரோட பொண்ணு.”

வராந்தாவில் ஸ்டூலில் இருந்த அப்பா அவசரமாக எழுந்தார்.

“பாப்பா, நீ எதுக்கு வந்தே? ஆபீஸ்ல திட்டுவாங்க.”

“உன் கையில விலங்கு, நீ என் ஆபீஸைப் பத்திக் கவலைப்படு. உட்காருப்பா.”

உட்கார்ந்தார். மகள் பட்டதாரியான நாளிலிருந்து வீட்டில் அப்படித்தான்.

“கணக்கு ரொம்ப சிம்பிள்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “கெமிஸ்ட் பன்னெண்டு அம்பதுக்கு இந்த ஃபார்முலா ரூமுக்குள்ள போறார். கதவு தானாப் பூட்டிக்குது. சாப்பாட்டுக்கு வெளிய வரலையேன்னு ரெண்டு அஞ்சுக்கு உங்கப்பா மாஸ்டர் சாவி போட்டுத் திறக்குறார். கெமிஸ்ட் காலி. நடுவுல வீடியோவுல கதவு திறக்கவேயில்லை! ரெக்கார்டிங்கைப் பார்த்தாச்சு. உங்கப்பாவும் ஸ்க்ரீனை விட்டு இம்மி நகரலைன்னு சத்தியம் பண்றார்.”

“நகரலைங்க ஐயா,” என்றார் அப்பா. “தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கலை.”

“பார்த்தியா? வேற யாரும் உள்ள போகலைன்னு அவரே சொல்றார். அப்ப போனது அவர்தானே?”

நேர்மையாக வேலை பார்த்தவனைத் தூக்கில் போட அந்த நேர்மையே போதுமாக இருந்தது.

அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“சார், அந்த வீடியோ பொய்!”

“ஏய்!” பின்னாலிருந்து ஒரு குரல்.

டீம் லீடர். ஆபீஸில் எல்லோருக்கும் ‘தலை’. போலீஸ் போன் செய்ததும் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான்.

“சார், இவ கொஞ்சம் எமோஷனல். அப்பா இல்லையா? ஆபீஸ்லயே இவளுக்குப் பட்டப்பேர் ‘எக்ஸெப்ஷன்’.”

“அப்படின்னா?”

“ஜாவா புரோகிராம்ல ஏதாவது தகராறுன்னா, அது போடற கூச்சல் சார்,” என்றாள் அவளே. “அந்தக் கூச்சலை வாயைப் பொத்தி அமுக்கவும் வழி இருக்கு. அதைத்தான் இவர் என்னைச் செய்யச் சொன்னார். கேபிளைப் பிடுங்குங்க, காட்டறேன்.”

“வேணாம் சார்! சாட்சியம் கெட்டுடும்!”

இன்ஸ்பெக்டர் தலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். எல்லோரும் வராந்தாவுக்கு வந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கேமரா, ஃபார்முலா அறைக் கதவுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. அதிலிருந்து வரும் யூ.எஸ்.பி. கேபிள் வராந்தா ஓரமாக ஓடி, மூலை திரும்பி, வாட்ச்மேனின் கண்ணாடிக் கூண்டில் இருந்த கம்ப்யூட்டரில் முடிந்தது. யூ.எஸ்.பி. கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போனால் சண்டித்தனம் செய்யும். அதனால் நடுவில் ஒரு ஜாயிண்ட், கதவுக்குப் பக்கத்தில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால்.

அவள் சொன்னபடி, கான்ஸ்டபிள் படத்தில் விழாமல் தள்ளி நின்று கேபிளைச் சுண்டி இழுத்தார். ஜாயிண்ட் கழன்றது.

எல்லோரும் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் கதவு. மூடிய கதவு. மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 3:41:07... 08... 09...

“ஓடுதேம்மா?”

“கான்ஸ்டபிள் சார், கதவு முன்னாடி போய் நின்னு குதிங்க.”

“எதுக்கு?”

“குதிய்யா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

தொம்... தொம்... என்று வராந்தா அதிர்ந்தது.

திரையில் ஓர் ஈ கூட இல்லை!

“கேமராவுலருந்து செகண்டுக்கு முப்பது ஃப்ரேம், அதாவது முப்பது படம் வரணும் சார். வரலைன்னா புரோகிராம் கத்தும், ஸ்க்ரீன் கறுப்பாயிடும். கறுப்பானா கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் பண்ணுவான்னு, கடைசியா வந்த ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார். ரெக்கார்டிங்லயும் அதேதான் பதிவாகும். மேல ஓடற கடிகாரம் கேமராவோடது இல்லை. நான் வரைஞ்சது, கம்ப்யூட்டர் டைம். படம் செத்தாலும் அது ஓடும்.”

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார்.

“ஆக, எவனோ ஜாயிண்டைப் பிடுங்கிட்டு உள்ள போயிருக்கலாம்...”

“அதான் சார்!”

“இந்தத் தில்லுமுல்லை எழுதினது யாரு?”



“நான்.”

“சார்!” தலை பாய்ந்து வந்தான். “நான் அப்படிச் சொல்லவே இல்லை. புரோகிராமைப் பாருங்க, ஒவ்வொரு வரியிலயும் இவ பேர்தான் இருக்கும். பிடுங்கினா தெரியாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு இவ. ஸ்க்ரீனுக்கு முன்னாடி இவ அப்பா. அப்புறம் என்ன சார்?”



“அட!” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “குடும்பத் தொழிலா?”

அப்பா மறுபடி எழுந்தார். “ஐயா! நான்தாங்க பண்ணினேன்! பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது!”

“அப்பா, வாயை மூடு! அந்தாளுக்கும் உனக்கும் என்ன பகை, சொல்லு பார்ப்போம்!”

அப்பா யோசித்தார். “தினமும் வணக்கம் சொல்வாரு...”

“இதுக்குப் போய்க் கொலை பண்ணுவியா?”

அவள் கீபோர்டை இழுத்தாள். தலை தடுக்க வந்தான். இன்ஸ்பெக்டரின் லத்தி நடுவில் நீண்டது.

“சார், பிடுங்கின கேபிளைத் திரும்ப மாட்டினா புரோகிராம் கேமராவை மறுபடி திறக்கும். மட்டமான கேமரா. முதல் மூணு செகண்ட் இருட்டாப் பச்சையா வரும். அதனால முதல் தொண்ணூறு ஃப்ரேமைத் தூக்கிப் போட்டுடுவேன். ஸ்க்ரீன்லயும் வராது, ரெக்கார்டிங்லயும் வராது. மாட்டினவன் நடந்து போறதுக்கு அந்த மூணு செகண்ட் போதும்.”

“அதுவும் உனக்குத்தானே தெரியும்?”

“இவருக்கும் தெரியும். மூணை ரெண்டாக்குன்னு என்னோட ஒரு வாரம் சண்டை போட்டவர்.” அவள் திரும்பினாள். “தலை, என் புரோகிராமை என்னிக்காவது படிச்சிருக்கீங்களா?”

“நான் எதுக்குப் படிக்கணும்? அப்ரூவ் பண்றதுதான் என் வேலை.”

“படிச்சிருக்கணும். அந்தத் தொண்ணூறும் ஏன் பச்சையா வருதுன்னு பார்க்கறதுக்காக, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் போட்டோவா ஒரு ஃபோல்டர்ல சேமிச்சேன். பார்த்து முடிச்சதும் அந்த வரியை எடுக்க மறந்துட்டேன்.”

தலையின் முகத்தில் ரத்தம் வடிந்தது. அதாவது, உள்பக்கமாக!

ஃபோல்டர் திறந்தது. இன்றைய தேதி. மதியம் 1:38.

முதல் படம்... இருட்டு.

இருபதாவது... பச்சை. கதவுக்குப் பக்கத்தில் யாரோ குனிந்திருந்தார்கள்.

நாற்பதாவது... உருவம் நிமிர்ந்தது.

கேமராவை மாட்டுகிற யாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அதன் நெற்றியில் நீல விளக்கு எரிகிறதா என்று நிமிர்ந்து பார்க்காமல் போக மாட்டார்கள். கொலை செய்துவிட்டு வந்தாலும்!

அறுபத்து மூன்றாவது படம். பச்சை விலகி, பளிச்சென்று, நேருக்கு நேர்...

தலை!

“போட்டோ நல்லா விழுந்திருக்கு,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏன்யா, போலீஸ் போன் பண்ணினப்புறம்தான் வந்தேன்னு சொன்னே?”

தலை சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

“கெமிஸ்ட் கண்டுபிடிச்சுட்டார் சார்... நேத்து ஜாயிண்ட் லூஸாகி, அவர் கதவு முன்னால நின்னும் ஸ்க்ரீன்ல வரலையாம். லைவ்ங்கறதே பொய்னு எல்லாக் கஸ்டமருக்கும் எழுதப் போறேன்னார். பேசிப் பார்க்கலாம்னு பின்படி வழியா வந்தேன். அவரே கதவைத் திறந்து விட்டார்...”

“பேசத்தான் வந்தே. வரும்போதே படத்துல விழாம தள்ளி நின்னு கேபிளைச் சுண்டிப் பிடுங்கிட்டு வந்தே.”



விலங்கு அப்பாவின் கையிலிருந்து கழன்றது. இடம் மாறியது.

அவள் செல்போன் அலறியது. கம்பெனி எம்.டி.

“கேள்விப்பட்டேன்மா! பயங்கரம்! நாளையிலேர்ந்து நீதான் டீம் லீடர். ஒரே ஒரு விஷயம்... அந்தக் கடைசி ஃப்ரேம் மேட்டர் நமக்குள்ளயே இருக்கட்டும். நாப்பத்திரெண்டு கஸ்டமர்மா!”

“நாப்பத்திரெண்டு பேருக்கும் மெயில் போயாச்சு சார். இங்க வர்றப்போ ஆட்டோவுலயே அனுப்பிட்டேன். உங்களுக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கேன், அது என் ராஜினாமா.”

வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“வேலை போச்சா பாப்பா?”

“நானே விட்டுட்டேன்ப்பா.”

“விடு. எனக்கும்தான் போயிருக்கும். துணைக்கு ஆச்சு.”

இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல்.

“ஏம்மா, ஒரு நிமிஷம்! ஸ்டேஷன்லருந்து ரைட்டர் பேசறார். உன் மெயில் அங்கயும் வந்திருக்காம். எங்க லாக்கப் கேமராவும் உங்க கம்பெனிதானா? ஆனா நீ சொல்ற மாதிரி கோளாறு ஒண்ணும் இல்லையாம். உள்ள ஒரு பலே திருடன், காலையிலேர்ந்து ஸ்க்ரீன்ல சமர்த்தா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கானாம். கண்ணைக்கூடச் சிமிட்டலையாம்!”

அவள் நிற்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“சிமிட்ட மாட்டான் சார்! இந்நேரம் அவன் அடுத்த ஊர்ல பூட்டை உடைச்சுக்கிட்டு இருப்பான்!”