எட்டுப் படகுகள்

சோனியாவால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. வகுப்பில் அவள் கால் ஆட்டுகிற ஆட்டத்தில் பக்கத்தில் இருப்பவளின் கையெழுத்து கோணலாகிவிடும். அம்மா தோசையைத் திருப்பிப் போடுவதற்கு முன்பே தட்டை நீட்டுவாள். ஆறாம் வகுப்புக்கு வந்தும் இந்தப் பரபரப்பு அவளை விட்டபாடில்லை.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடம், அச்சுப் படம் செய்கிற இடம். அங்கே எல்லாமே காத்திருக்கிற வேலை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில், முன்பு செல்போன் ரிப்பேர் கடையாக இருந்த ஒரு சின்ன அறையை நந்தினி அக்கா வாடகைக்கு எடுத்திருந்தார். அவர் ஓவியர். சுவருக்கு வெள்ளை அடித்து, குறுக்கே கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாகப் போட்டு, வாசலில் 'கேலரி' என்று ஒரு பலகையும் வைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் நான்கு பிள்ளைகளுக்கு அங்கே படம் செதுக்கக் கற்றுக்கொடுத்தார். திருவள்ளூரில் அவருடைய நண்பர் மணவாளன் வேறு நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வேலை இதுதான். ஒரு ரப்பர் துண்டில் படத்தைச் செதுக்க வேண்டும். மேலே மை தடவி, காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் காகிதத்தில் இறங்கிவிடும். ரப்பர் துண்டுகள் சோனியாவின் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் வெட்டி மிஞ்சியவை. அதனால் சோனியாவுக்கு அங்கே கொஞ்சம் மிடுக்கு உண்டு.

எட்டுப் பிள்ளைகளும் தங்கள் படங்களைப் பரிமாறிக்கொள்ளப் போகிறார்கள் என்று அக்கா சொன்னார். ஒவ்வொருவரும் சரியாக எட்டுப் பிரதி எடுக்க வேண்டும். ஏழு பிரதிகள் மற்ற ஏழு பேருக்கு. எட்டாவது, கேலரிச் சுவருக்கு. எட்டும் எடுத்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் ரப்பரின் மேல் கத்தியால் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கோடு போட்டுவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் படத்தை யாராலும் இன்னொன்று எடுக்க முடியாது. எட்டு என்றால் எட்டுதான்.

சோனியா, அதிகாலையில் அம்மாவை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸைச் செதுக்கினாள். ஜன்னலுக்கு ஒன்றாகத் தூங்கி வழியும் தலைகள். இரண்டே நாளில் முடித்துவிட்டாள்.

ஆகாஷ் அப்படியில்லை. சோனியாவின் பள்ளியில்தான் படிக்கிறான், சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். அப்பா மாரியப்பன் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறார். அவர் கழி ஊன்றிப் படகைத் தள்ளுவதை ஆகாஷ் மூன்று வாரம் செதுக்கினான். படகைச் சுற்றித் தண்ணீரை மட்டுமே மெல்லிய கோடுகளாக எண்ண முடியாத அளவுக்குப் போட்டிருந்தான்.

சனிக்கிழமை எல்லோரும் பிரதி எடுத்துக் கயிற்றில் மாட்டினார்கள். ரப்பரின் மேல் கத்திக் கோடும் போட்டார்கள். தன் படகின் மேல் கோடு போடும்போது ஆகாஷ் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை வரை யாரும் தொடக்கூடாது, புழுக்கத்தில் மை காய நேரமாகும் என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சோனியாவைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோனியா கேலரியில் நின்றாள். அக்கா வெளியே ஏணியில் ஏறிப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். காகிதங்கள் கயிற்றில் லேசாகச் சுருண்டிருந்தன. இப்படியே விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரிமாற்றத்தின்போது கோணலாக அல்லவா இருக்கும்? ஒரு காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை. ஓரத்தில் மையே கிடையாது, பிறகு எப்படி ஒட்டும்? அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தன் படங்களையும் ஆகாஷின் படங்களையும் கழற்றி அடுக்கினாள். மேலே ஒரு டைல்ஸ் கல்லை வைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை மாலை பள்ளி விட்டதும் ஓடி வந்து கல்லைத் தூக்கினாள். அவள் அவசரத்தில் மையை மெல்லியதாகத் தடவியிருந்ததால் பஸ்கள் எட்டும் தப்பிவிட்டன. ஆகாஷ் நிதானமாக, தாராளமாகத் தடவியிருந்தான். அவன் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கப் பிரிக்கத் தண்ணீர் கிழிந்தது, படகு கிழிந்தது. உருப்படியாக வந்தவை மூன்றே மூன்று.

அக்கா எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. காற்றில் விழுந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டால்? அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே முகம் சூடானது. வேகமாகத் தெருவைக் கடந்து அக்காவிடம் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தன்னைப் பரிமாற்றத்திலிருந்து எடுத்துவிடும்படியும் கேட்டாள்.

"உன்ன எடுத்துட்டா ஆகாஷுக்கு அஞ்சு படம் வந்துடுமா?" என்றார் அக்கா. "மொதல்ல அவன்கிட்ட நீயே சொல்லு."

மறுநாள் மதியம் பள்ளியில், சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். ஆகாஷ் கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தான்.

"எத்தினி போச்சு?"

"அஞ்சு."

"எங்க நைனாவ ஞாயித்துக்கெழம வரச் சொல்லிக்கீறேன். படகு அவருதுன்னு எல்லாருக்கும் காட்றேன்னு சொன்னேன்." தட்டில் வைத்த முட்டையை அவன் மறுபடி எடுக்கவே இல்லை. அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சோனியாவுக்கு இருந்தது.

மாலையில் இருவரும் கேலரிக்குப் போனார்கள். கோடு போட்ட ரப்பரிலேயே ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்று ஆகாஷ் மை தடவினான். காகிதத்தைத் தூக்கியதும் அப்பாவின் மார்புக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. தப்பான விடைக்கு டீச்சர் போடுவது போலவே இருந்தது. அதைக் கசக்கிப் போட்டுவிட்டு, ரப்பரைப் பையில் வைத்துக்கொண்டு அவன் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். சோனியாவும் பின்னாலேயே போனாள். அவன் வரச் சொல்லவில்லை. ஆனால் அவளால் நிற்க முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி சாம்சன் அண்ணனின் பஞ்சர் கடை. கம்பெனி விட்டு வந்த ஒருவரின் சைக்கிள் டயரில் ஏதோ குத்திக் கிழித்திருந்தது. சாம்சன் அண்ணன் டயர் தேய்த்த ரப்பர்த் தூளை ஒட்டுகிற சொல்யூஷனில் குழைத்து, அந்தக் கிழிசலுக்குள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். சோனியா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கிழிந்தது ரப்பர். அடைப்பதும் ரப்பர்.

ஆகாஷின் பையை இழுத்துத் துண்டை வெளியே எடுத்து அவரிடம் நீட்டினாள். "அண்ணே, இந்தக் கோட்ட அடைக்க முடியுமா?"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த வண்டி டயரு?" என்றார். விஷயத்தைக் கேட்ட பிறகு தலையைச் சொறிந்தார். அடைக்கலாம், ஆனால் காயக் காய உள்ளே இறங்கும், மறுபடி அடைக்க வேண்டும், முழுசாக இரண்டு நாள் ஆகும் என்றார்.

அதற்குள் ஆகாஷின் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. "எட்டுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்களே," என்றான்.

"கிழிஞ்சது கணக்குல வராதுல்ல?" என்றாள் சோனியா. இருவரும் திரும்பக் கேலரிக்கு ஓடினார்கள்.

அக்கா கிழிந்த காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நேரம் சோனியாவுக்கு ஒரு பாட வேளை போல நீண்டது. கடைசியில், கிழிந்த ஐந்தையும் எல்லோர் முன்னாலும் அழித்துவிட்டால் உலகத்தில் இருக்கப்போவது எட்டுப் படகுகள்தான், அதனால் தப்பில்லை என்றார். ஐந்து எடுத்ததும் மறுபடி கோடு போட வேண்டும். ஆனால் ஆகாஷ் சம்மதித்தால் மட்டும்.

ஆகாஷ் சம்மதித்தான். சாம்சன் அண்ணன் கோட்டை அடைத்து, துண்டை அலமாரியில் வைத்தார்.

புதன்கிழமை இருக்கிறதே, அதைப் போல நீளமான நாளைச் சோனியா பார்த்ததே இல்லை. காலையில் பள்ளிக்குப் போகும்போது ஒரு தடவை, மாலையில் மூன்று தடவை பஞ்சர் கடைக்குப் போனாள். நான்காவது தடவை அலமாரியில் துண்டைக் காணவில்லை. சாம்சன் அண்ணன் அதைத் தரையில் வைத்து ஒரு வாளியைக் கவிழ்த்திருந்தார்.

"கை வெச்சேன்னா மொதல்லேர்ந்து ரெண்டு நாளு," என்றார். "ஊட்டுக்குப் போம்மா. நீ சுத்திக்கினே இருந்தா எனக்கு பேஜாரா கீது."

விரல்கள் துறுதுறுத்தன. ஆனால் தட்டில் அப்படியே கிடந்த ஆகாஷின் முட்டை ஞாபகத்துக்கு வந்தது. வாளியைத் தொடாமல் வீட்டுக்குப் போனாள். அன்று அம்மா தோசையைத் திருப்பிப் போடும்வரை காத்திருந்தாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது நடக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை அடைப்பு இறுகியிருந்தது. மேலே உப்புத்தாள் தேய்த்துச் சமமாக்கினார்கள். அடைப்பில் மூடிப்போன தண்ணீர்க் கோடுகளை ஆகாஷ் மறுபடி செதுக்கினான். சோனியா எதிரே உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் விளக்கு ஆடவே இல்லை. அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

கிழிந்த ஐந்தையும் மற்ற மூன்று பிள்ளைகள் முன்னால் ஆகாஷே சுக்குநூறாகக் கிழித்தான். சோனியாவுக்குக் கண் கலங்கியது. அவள் மறைக்கவில்லை.

புதிதாக எடுத்த முதல் படத்தைத் தூக்கினார்கள். பெருக்கல் குறி போயிருந்தது. படகின் முனைக்குப் பக்கத்தில், தண்ணீரில், அடைப்பு சரியாகப் பிடிக்காத ஓரிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதையும் அடைத்துவிடலாம், இன்னும் இரண்டு நாள் காத்திருக்கிறேன் என்று சோனியாவே சொன்னாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

ஆகாஷ் புள்ளியை உற்றுப் பார்த்தான். "ஏரின்னா ஒரு மீனு கூடத் துள்ளாதா?" என்றான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். மீதி நான்கையும் எடுத்து முடித்து, ரப்பரின் மேல் மறுபடி கோடு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் முழுசாக உயர்ந்தது. திருவள்ளூர்ப் பிள்ளைகள் நான்கு பேரும் மணவாளன் சாரோடு இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்தார்கள். சோனியாவின் அம்மா, பஸ் ஜன்னலில் தூங்குகிற தலைகளில் எது தன் தலை என்று கண்டுபிடித்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார். மாரியப்பன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். சுவரில் தன் படகின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர், அங்கிருந்து நகரவே இல்லை. பார்க்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பரிமாற்றம் தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் படங்களை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆகாஷின் முறை வந்தது. அவன் ஏழு படகுகளையும் கையில் எடுத்தான். முதல் படத்தைச் சோனியாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

அவன் அங்கேயே நின்றான். பிறகு மீதி ஆறையும் அவள் கையிலேயே வைத்தான்.

"நீயே குடு," என்றான்.

"நானா?"

"உன் கையாலயே குடு."

பத்தடி அகலம்கூட இல்லாத அறை அது. சோனியா ஆறு படங்களையும் இரண்டு கைகளிலும் ஏந்தியபடி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் திருவள்ளூர்ப் பிள்ளைகளில் ஒருத்தி பொறுமை இழந்து எழுந்தே நின்றுவிட்டாள். சோனியா அவசரப்படவில்லை. முதல் படகை அவள் கையில் மெதுவாக இறக்கி வைத்தாள்.