ஒரே தம்ளரில் பால்

கண்ணைக் கட்டியிருந்த பட்டுத் துணியை அவிழ்ப்பதற்குள் நிஷானி தரையில் சரிந்துவிட்டாள்.

உதடுகள் வீங்கியிருந்தன. மூச்சு விசிலடிப்பது போல் இழுத்தது. "என்ர பை... பை..." என்றாள். பிறகு பேச்சு இல்லை.

சனிக்கிழமை பிற்பகல். மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்குக்குப் பக்கத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் சிறிய மண்டபம். சிட்னியில் தொடங்கிய 'சகி' என்ற சொராரிட்டியின், அதாவது தமிழ் மாணவியர் சகோதரிச் சங்கத்தின், முதல் மெல்பேர்ன் கிளை அன்றுதான் பிறக்க வேண்டும். நிஷானி அதன் தலைவி. உறுப்பினர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே வெள்ளித் தம்ளரில் பால் குடித்துச் சகோதரிகளாவது அவர்களுடைய சடங்கு. அந்தப் பாலைக் குடித்த கொஞ்ச நேரத்தில்தான் இது நடந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்தார்கள். பாதாம், முந்திரி போன்ற பருப்புகளால் வந்த ஒவ்வாமை என்றார் மருத்துவர். அவை நிஷானிக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து அவள் அந்தப் பாலைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. எப்போதும் கூடவே இருக்கும் அட்ரினலின் ஊசியும் அன்று அவள் கைக்கு எட்டவில்லை. ஆஸ்பத்திரி போலீசை அழைத்தது.

சீனியர் கான்ஸ்டபிள் டில்ஷா மாலையில் வந்தார். மன்னாரில் பிறந்து மெல்பேர்னில் வளர்ந்தவர். குசினியை முதலில் பார்த்தார். பால் காய்ச்சிய சட்டி, ஜக், தம்ளர் எல்லாம் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன. குப்பைத் தொட்டியில் புதுப் பை. மூலையில் ஈரத் துடைப்பம். அடுப்புக்கு முன்னால் அவர் காலின் சப்பாத்து தரையோடு ஒட்டி ஒட்டி எழுந்தது.

அன்று குசினிக்குள் போய்வந்தவர்கள் மூன்று பேர்: சிவாஜினி, ஸ்ருதி, லக்ஷ்மிப்ரியா. அவர்களை மட்டும் இருக்கச் சொன்னார். பால் காய்ச்சிய சிவாஜினி எல்லோருக்கும் தேநீர் போட்டாள். சிட்னியிலிருந்து கிளையைத் தொடங்கி வைக்க வந்திருந்த லக்ஷ்மிப்ரியா தன் கோப்பையைக் கையால் மூடினாள்.

"எனக்குப் பால் வேணாம்மா. ஒத்துக்காது."

டில்ஷா ஒவ்வொருவராகத் தனியே அழைத்தார்.

முதலில் ஸ்ருதி. கதிரையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"நான்தான் மேடம் காரணம்."

"என்ன செய்தனீங்கள்?"

"எல்லார் பையையும் வாங்கி என் கார்ல பூட்டினேன். சடங்கு முடியுற வரைக்கும் உள்ளே எதுவும் இருக்கக் கூடாது, அது ரூல். ஊசியை மட்டும் கையில வச்சுக்கட்டுமான்னு நிஷானி கேட்டா. பத்து நிமிஷம்தானேன்னு சொல்லிட்டேன்."

"தலைவி பதவிக்கு நீங்களும் நின்றனீங்களாம்?"

"நின்னேன். தோத்தேன். இப்ப எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"அந்தப் பாலை நீங்களும் குடிச்சனீங்களோ?"

"ஆமா. கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு. சிவாஜினி தண்ணி கலந்துட்டா போலன்னு நினைச்சேன்."

அடுத்து சிவாஜினி. அவளும் அழுதுகொண்டே வந்தாள்.

"நான்தான் அக்கா செய்தனான். பால் காய்ச்சினது எங்கட வீட்டுச் சட்டி. போன கிழமை அம்மா அதிலைதான் முந்திரி போட்டு கேசரி கிண்டினவ. கழுவினதுதான். ஆனா வடிவாக் கழுவுப்படேல்லைப் போல."

"பாலுக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"ஐயோ இல்லை. நல்லா வத்தக் காய்ச்சினனான். ஏலக்காய், சீனி போட்டு அடுப்பிலை வைச்சிட்டு சீலை உடுக்கப் போனன். திரும்பி வரேக்கை லக்ஷ்மிப்ரியா அக்கா ஜக்கிலை ஊத்தி வைச்சிட்டா."

"சட்டியை ஏன் தேய்ச்சனீங்கள்? ஆர் சொன்னது?"

"அதைச் சொல்ல ஏலாது அக்கா," என்றாள் சிவாஜினி. உள்ளே நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று அன்று அவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள்.

கடைசியாக லக்ஷ்மிப்ரியா. சிட்னியின் பிளாக்டவுன் பகுதிக்காரி. அங்கே 'சகி'யைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. முகம் வெளுத்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

"யாரையும் குத்தம் சொல்ல விரும்பல மேடம். சின்னப் பொண்ணுங்க. சட்டியில ஏதாவது ஒட்டியிருந்திருக்கும்."

"நீங்கள் குடிச்சனீங்களோ?"

"முதல்ல குடிச்சதே நான்தான். மூத்தவ பாதித் தம்ளர் குடிச்சுட்டு அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். கண்ணைக் கட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் பாத்தாங்களே."

"பாதித் தம்ளர்?"

"ஆமா. அதுதான் முறை."

டில்ஷா எழுந்து மற்ற இருவரையும் உள்ளே அழைத்தார்.

"சிவாஜினி, நீங்கள் அழ வேண்டாம். உங்கட சட்டிப் பாலை இண்டைக்கு ஒருத்தரும் குடிக்கேல்லை."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"நீங்கள் வத்தக் காய்ச்சின பால் ஸ்ருதிக்குத் தண்ணி மாதிரி இருந்திருக்கு. அப்ப அது வேறை பால். அடுப்படித் தரை இன்னும் பிசுபிசுக்குது, துடைப்பமும் ஈரம். காய்ச்சின பால் கீழை கொட்டுப்பட்டிட்டுது." அவர் லக்ஷ்மிப்ரியாவின் பக்கம் திரும்பினார். "தேத்தண்ணிக்குக்கூட ஒரு சொட்டுப் பால் வேண்டாம் எண்ட நீங்கள், பாதித் தம்ளர் பாலை எப்பிடிக் குடிச்சனீங்கள்? உங்களுக்கு ஒத்துக்கொள்ளுற பால் எது?"



"பாதாம் பால்," என்றாள் லக்ஷ்மிப்ரியா. பிறகு நடந்ததைச் சொன்னாள்.

அவளுடைய புடவைத் தலைப்பு அடுப்பிலிருந்த சட்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பால் முழுவதும் கொட்டியது. வெளியே எல்லோரும் காத்திருந்தார்கள். தனக்கென்று வாங்கி வைத்திருந்த பாதாம் பால் பெட்டிகள் குசினியிலேயே ஒரு பையில் இருந்தன. சூடாக்கி, ஏலக்காயும் சீனியும் போட்டாள்.

"நிஷானி ஃபோன்ல என்கிட்ட சொல்லியிருந்தா மேடம். சத்தியமா அந்த நேரத்துல ஞாபகம் வரல. அவ உதட்டைப் பாத்ததும்தான் வந்துச்சு."

"ஆம்புலன்ஸ்காரர் கேட்டதுக்கு?"

"வெறும் பால்னு சொன்னேன்." அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "கிளை போயிடும், நானும் போயிடுவேன்னு தோணுச்சு. பெட்டிகளைக் குப்பையோட கொண்டுபோய் வெளியே போட்டேன்."

சிவாஜினி எழுந்து நின்றாள். "'கழுவி வை, இல்லாட்டி உன்னைத்தான் பிடிப்பாங்க' எண்டு சொன்னீங்களே அக்கா. இவ்வளவு நேரமும் நான்தான் அவளைக் கொன்டுட்டன் எண்டு..." மேலே பேச முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பால் கொட்டினதுக்கு நான் உங்களைக் கேக்கேல்லை," என்றார் டில்ஷா. "இந்தப் பிள்ளையை அழவிட்டுப் பாத்துக்கொண்டிருந்ததுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேணும்."

மருத்துவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்.

ஸ்ருதி மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான்?"

டில்ஷா அவளைப் பார்த்தார். ஊசி காருக்குள் பூட்டிக் கிடந்தது உண்மை. 'உங்களில் பிழை இல்லை' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிஷானியின் தாய் மாக்கிறேட் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது, பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள். டில்ஷாவுடன் வந்த லக்ஷ்மிப்ரியாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"அம்புலன்ஸுக்கு உடனை போன் அடிச்சது நீங்கள்தானாம், பிள்ளை. கடவுள்தான் உங்களைச் சிட்னியிலயிருந்து அனுப்பினவர்."

லக்ஷ்மிப்ரியா டில்ஷாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்ரி, முதல்ல என் கையை விடுங்க," என்றாள் அவள். "நான் சொல்லப் போறதைக் கேட்டா, நீங்க இந்தக் கையைப் பிடிக்க மாட்டீங்க."