வால் நறுக்கிய கொடுவா

மேலே வந்த முதல் மீனின் வால் ஏற்கெனவே நறுக்கப்பட்டிருந்தது.

அவள் கத்தரியோடு குந்தியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் படகில் அவள் வேலையே அதுதான். பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவர்கள், பிடித்ததைச் சந்தையில் விற்கக் கூடாது. அதற்கு அடையாளமாக, கொடுவா மீன் மேலே வந்ததுமே வாலின் கீழ்நுனியை நறுக்கி ஐஸ் பெட்டியில் போட்டுவிட வேண்டும். நறுக்கிய மீன் யார் வீட்டு வாணலிக்கோ போகும். கடலுக்குத் திரும்பாது. இதுவோ உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. வெட்டு நேராக இருந்தது. காயம் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"அண்ணா, இது..."

"உனக்கு ஒரு வேலை மிச்சம். சந்தோஷப்படு."

படகை வாடகைக்கு எடுத்திருந்த பல் டாக்டர் சிரித்தார். கூட வந்த அவர் மச்சான் இன்னும் பலமாகச் சிரித்தான். "அட, இது பேசுமா? நான் படகோட சேர்ந்த சாமான்னுல்ல நினைச்சேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்தே அவளுக்கு வெளியாட்கள் முன்னால் வாய் திறக்க வராது. அண்ணனிடம் மட்டும்தான் பேச்சு. அவனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. அவனும் ஆட்கள் முன்னால் அவளைக் கடிந்துதான் பேசுவான்.

மதியத்துக்கு அந்த மீனையே அண்ணன் கேபின் அடுப்பில் பொரித்தான். எழுந்த வாடை மீன் வாடையாக இல்லை. வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி இருந்தது. அவள் தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"மகாராணிக்குப் பிடிக்கலையா? பட்டினி கிட." அவள் பங்கையும் அண்ணனே எடுத்துக்கொண்டான். மூவரும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு பனி இறங்கியது. இலை பழுத்த மரங்களோடு இதுவரை தெரிந்த கரை முதலில் மங்கி, பிறகு ஒரு கறையாகி, கடைசியில் துடைத்துவிட்டதைப் போல இல்லாமல் போனது. பாறைகளில் அலை மோதும் ஓசையும் ஒரு கதவுக்குப் பின்னால் போனதுபோல் அடங்கியது. படகின் அடிப்பலகையைத் தண்ணீர் நக்கும் சத்தமும், ரீல் சுற்றும் கிறீச்சும், ஈரப் பலகையில் மீன்கள் வாலடிக்கும் சத்தமும் மட்டும் மிஞ்சின. மீன்கள் வந்துகொண்டே இருந்தன. தூண்டில் போட்ட கணமே வந்தன. கத்தரிக்கு வேலையே இல்லை. எல்லாமே வால் நறுக்கியவை.

தூண்டில் முள்ளைக் கழற்றும்போதுதான் அவள் கவனித்தாள். கடித்து மாட்டிய மீனுக்கு முள் வாயோரத்தில் ஏறியிருக்கும். இவற்றுக்கு உதட்டின் நட்டநடுவில், கீழிருந்து மேலாகக் குத்தியிருந்தது. பெரிய மீனுக்கு இரை வைக்கும்போது, சின்ன மீன் சாகாமல் நீந்த வேண்டும் என்று அவளே அப்படித்தான் குத்துவாள்.

இவை கடித்தவை அல்ல. யாரோ கீழே இருந்து மாட்டி அனுப்பியவை.

அவள் கேபினுக்குப் போனாள். "திரும்பிடலாம்ணா."

"என்ன?"

"இங்க வேணாம்ணா. வீட்டுக்குப் போயிடலாம்."

"உனக்கென்ன கிறுக்கா? இப்படி மீன் வந்து எத்தனை வருஷமாச்சு. போய் வேலையப் பாரு."

வெளியே டாக்டர் வாய்க்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். "பல்லுல என்னமோ மாட்டிக்கிச்சு."

"உங்களுக்கேவா மாமா?" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "கிளினிக் போர்டைக் கழட்டிடுங்க!"

டாக்டர் எதையோ பிடித்து இழுத்தார். மெல்லிய, கண்ணாடி போன்ற நரம்பு. தூண்டில் நரம்பு போலவேதான் இருந்தது. இழுக்க இழுக்கத் தொண்டையிலிருந்து வந்தது. அவர் விட்டுவிட்டார். அது கீழே விழவில்லை. காற்றில் அசைந்து, படகின் விளிம்பைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கியது.

பிறகு விறைத்தது.

அவர் விளிம்பை நோக்கி நடந்தார். கத்தவில்லை. கிணற்றில் வாளி இறங்குவதுபோல ஒரு சத்தம்தான் கேட்டது.

மச்சானின் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி ஒட்டியிருந்தது. "மாமா?" என்றான். இருமினான். வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் ஏதோ மின்னியது.

அவனும் போய்விட்டான்.

"அண்ணா! இன்ஜினைப் போடு!"

வாழ்நாளில் அவள் அப்படிக் கத்தியதில்லை. அண்ணன் சாவிக்குக் கை நீட்டினான். கை பாதியில் நின்றது. தொண்டையைத் தொட்டுக்கொண்டான்.

"தண்ணி குடு," என்றான். "கொஞ்சம் தண்ணி."

அவன் வாயிலிருந்து அந்த நரம்பு கேபின் வாசல் வழியாக வெளியே நீண்டிருந்தது. அவன் உதடு முன்னால் இழுபட்டது. ஈறு தெரிந்தது. ஓரடி வைத்தான். இன்னோரடி. அவள் நரம்பில் கத்தரியை வைத்து நெரித்தாள். வெட்டுப்படவில்லை. வழுக்கியது. வெதுவெதுப்பாக இருந்தது.

கத்தரியை எறிந்தாள். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். படகின் பக்கப்பலகையில் காலை முட்டுக்கொடுத்தாள். விடவில்லை.

சட்டென்று நரம்பு தளர்ந்தது.

அண்ணன் அவள்மேல் சரிந்தான். மூச்சு இரைத்தது. கன்னமெல்லாம் கண்ணீர். அன்று முதல் தடவையாக அவள் தலையில் கை வைத்தான்.

"விட்டுடுச்சு," என்றான். "பயப்படாதடா. விட்டுடுச்சு."

பெரிய மீன் களைப்பதற்காக எப்போது நரம்பைத் தளர்த்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் தோளுக்கு மேலாக, அலையே இல்லாத தண்ணீர்மேல், நரம்பு சுருள் சுருளாக மிதந்தது. தூரத்துச் சுருள் நிமிர்ந்தது. அதற்கு அடுத்தது. அவசரமே இல்லாமல், அதற்கும் அடுத்தது.